பூட்டிய பெட்டி: விக்டோரியாவின் மருத்துவ உதவி மரணச் சேவையை அருகிலிருந்து பார்த்தது

மெல்பர்னில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர், நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்த 2022ஆம் ஆண்டில், விக்டோரியா மாநிலத்தின் மருத்துவ உதவி மரணச் சேவையை நாடினார். உயிரை முடிக்கத் தரப்படும் மருந்தில் மீந்ததைத் திருப்பி ஒப்படைக்கும் சட்டப் பொறுப்பை அவர் என்னிடம் தந்ததால், அச்சேவையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க நேர்ந்தது. இதைக் கருணைக்கொலை என்று நம்மவர்கள் சொல்வது சரியன்று. மருந்தை நோயாளி தாமே உட்கொள்வதுதான் பொதுவிதி, அதற்கு உடல் இடந்தராதபோது மட்டுமே மருத்துவர் செலுத்தலாம் என்று அப்போது இருந்தது.

2019 ஜூன் 19 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அப்போது, அவருடையது போன்ற நோயில், நோயாளிக்கு ஆறு மாதங்களுக்கு மேல் ஆயுள் இல்லை என்று இரு மருத்துவர்கள் தனித்தனியே கணிக்க வேண்டியிருந்தது. நோயாளியும் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது, முதல் கோரிக்கைக்கும் கடைசிக் கோரிக்கைக்கும் இடையே பொதுவாக 9 நாளேனும் கழிய வேண்டியிருந்தது. இந்த நிதானத்தில் எனக்குக் குறையில்லை. மருத்துவர் தாமாக இப்பேச்சை எடுக்கக் கூடாது என்று அப்போதிருந்த விதிதான் உறுத்தியது. பெரியவர் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனையில் "இனி என்ன வழி?" என்று சுற்றிவளைத்துக் கேட்டபோதெல்லாம், அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணத்தால், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வயதான பெற்றோரை இங்கே வைத்திருக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பொதுவாக அங்கீகாரம் பெற்றவரே வர வேண்டும், பிள்ளைகள் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆல்ஃபிரட் மருத்துவமனையில் இயங்கும் மாநில மருந்தகச் சேவையைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். மருந்தாளுநர்கள் இருவர் வீட்டுக்கே வந்தனர், கட்டணம் ஏதுமில்லை. ஒவ்வொன்றையும் விளக்கியபின், புரிந்ததைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு பெரியவரிடம் கேட்டார்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் குறுக்கிடாமல் காத்திருந்தார்கள். மருந்து இருந்த பூட்டிய பெட்டியை அவர் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்தார். அன்றிரவு நெடுநாளைக்குப் பின் நன்றாகத் தூங்கியதாக மறுநாள் காலை வேலியருகே நின்று சொன்னார்.

ஏழு வாரங்கள் கழித்து, வலிதணிப்புச் செவிலியரின் கவனிப்பில், அவர் இயல்பாகவே இறந்தார், பெட்டி திறக்கப்படவில்லை. மருந்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் 15 நாள் அவகாசம் தருகிறது. நான் நான்காம் நாளே அதை முன்னிருக்கையில் வைத்து, ஏனோ இருக்கைப் பட்டியும் மாட்டி, மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்றேன்.