பிள்ளையின் எடை குறைக்க "பக்கேஜ்" எடுக்க முன் இதை வாசியுங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன். பத்து வயது மகனின் எடையைக் குறைக்க 40,000 ரூபாய் முற்பணம் கட்டி, பிள்ளையை மூன்று கிழமை வதைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மகன் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் வருடம் எப்படிப் போகும் என்று தெரியும்தானே. பள்ளி விட்டால் ரியூசன், இடையில் பேக்கரி ரோல்ஸும் சோடாவும், இரவு ஒன்பது மணிக்குச் சோறு. சீருடைக் காற்சட்டையின் பொத்தான் பூட்ட முடியாமல் போனது. வகுப்பில் பட்டம் தெளித்திருக்கிறார்கள். அதை அவன் என்னிடம் சொல்லவேயில்லை, கூடப் படிக்கிற பிள்ளையின் தாய்தான் சொன்னார். அந்தக் கவலையில் இருந்தபோது போனில் ஒரு விளம்பரம் வந்தது. காலி வீதியோரம், மாடியில் ஒரு நிலையம். "அக்கா, மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையும், நாங்கள் பொறுப்பு" என்றார் அங்கிருந்த பெண். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவரை எல்லாரும் டொக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் போனது பின்னேரம். சாப்பிட்ட வயிறு, சீருடை, சப்பாத்து எல்லாவற்றோடும் தராசில் ஏற்றினார்கள்: 49.6 கிலோ. மூன்றாம் கிழமை விடிய வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, சப்பாத்தைக் கழற்றி நிறுத்தார்கள்: 46.8. "பாருங்கோ அக்கா" என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்த மூன்று கிழமையில் ஒரு தடவைகூட யாரும் அவனுடைய உயரத்தை அளக்கவில்லை.

இராச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு மாவைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள், படுக்க முன் ஒரு மூலிகைத் தேத்தண்ணீர். இரண்டாம் நாளே வயிற்றாலை போகத் தொடங்கியது. "கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீங்கோ" என்றார்கள். பிறகு ஒருநாள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டான். அன்று இரவு மா டின்னை எடுத்துப் பார்த்தேன். விலை ஸ்டிக்கர் கொஞ்சம் கிளம்பியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து நகத்தால் உரித்தால், அடியில் சின்ன எழுத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறது. தேயிலைப் பெட்டியில் சென்னா என்று போட்டிருந்தது. நம்முடைய நிலாவரைதான் அது, பேதிக்குக் கொடுப்பது. குறைந்ததாகக் காட்டிய எடையில் பாதி சப்பாத்தும் சாப்பாடும், மீதி பிள்ளையின் உடம்பிலிருந்து போன தண்ணீர். இலங்கை மருத்துவ சபையின் பதிவில் அந்த "டொக்டரின்" பெயரைத் தேடினேன். இல்லை.

அடுத்த நாளே பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். அங்கே முதலில் செய்தது, வெறுங்காலோடு சுவரோடு நிறுத்தி உயரம் அளந்ததுதான். 138 சென்ரிமீற்றர். எடை 47.9. வயது, உயரம், எடை மூன்றையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எடை கூடத்தான், ஆனால் கிலோக் கணக்கில் இறக்கத் தேவையில்லை, ஏறாமல் பிடித்தால் உயரம் வளர வளரச் சரிவரும் என்று டொக்டர் சொன்னார். மகனின் கழுத்துக்குப் பின்னால் கறுத்திருந்ததை ஊத்தை என்று நினைத்து நான் தும்பு போட்டுத் தேய்த்திருக்கிறேன். அதற்கும் ஒரு கிரீம் விற்றார்கள் அந்த நிலையத்தில். அந்தக் கறுப்பு இன்சுலின் சரியாக வேலை செய்யாததின் அறிகுறியாக இருக்கலாம் என்று சொல்லித்தான் வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தார்கள். பிள்ளையின் கழுத்தைத் தேய்த்த கை என்னுடையது என்பது இப்பவும் மனதில் கிடக்கிறது.

வீட்டில் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. சோடா நின்றது. போத்தலில் சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 2016 முதல் இந்த நிற அடையாளம் இருக்கிறது, நான்தான் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். கோப்பையில் அரைவாசி மரக்கறி, சோறு ஒரு அகப்பை. அவனுக்கு மட்டும் தனிச் சமையல் இல்லை, எல்லாருக்கும் அதே. ஒரு ரியூசனை நிறுத்தினோம். அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் அப்பாவும் மகனும் பந்தடிக்கிறார்கள். ஆறு மாதத்தில் 141 சென்ரிமீற்றர், 47.6 கிலோ. பொத்தான் பூட்டுப்படுகிறது.

முற்பணத்தைக் கேட்டதற்கு, கட்டிய காசு திரும்பக் கிடையாது என்று பற்றுச்சீட்டில் இருக்கிறதாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் பற்றுச்சீட்டு, டின், போனில் வந்த செய்திகள் ஒன்றையும் எறியாதீர்கள். ஸ்டிக்கர் உரித்த அந்த டின்னை நானும் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.