உமி கலந்த பிபி: பெங்களூர் பீன்யா மோல்டிங் பட்டறையில் ஓட்டிப் பார்த்ததில்

பாலிப்ரொப்பிலீன் (பிபி) பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் நெல் உமித்தூள் கலந்த கிரானுல்ஸ் (குருணை), பூந்தொட்டிக்கும் ஹேங்கருக்கும் சில வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பொருள் நல்லதுதான். ஆனால் சப்ளையர் சொல்லும் லாபக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். சுத்த பிபியின் அடர்த்தி 0.9, இந்தக் கலவையினுடையது ஏறக்குறைய 1.0. அதே அச்சில் 100 கிராம் வந்த தொட்டி இதில் 110 கிராம் வரும். கிலோ விலை பத்து சதவீதம் குறைந்தால், கையில் நிற்பது ஒன்றுமில்லை.

பாதித் தொல்லை ஈரத்தால் வருவது. ஈரம் அரை சதவீதத்துக்கு மேல் போனால் நாசிலில் (பொருளை அச்சுக்குள் பாய்ச்சும் முனை) நுரைக்கும், பொருளின் மேல் வெள்ளி வரி ஓடும். 100 டிகிரியில் நாலு மணி நேரம் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் ஹாப்பருக்கு, அதாவது மெஷினின் கொட்டுவாய்க்கு, போய்விட வேண்டும். பெங்களூரின் ஜூலை, ஆகஸ்ட் காற்றில், வாய் திறந்து கிடந்த மூட்டையை மறுநாள் காலை திரும்பவும் காயவைக்காமல் ஓட்டவே முடியாது.

அடுத்தது சூடு. பிபி உருகுவது 165 டிகிரி வாக்கில். உமி கரியத் தொடங்குவது 200-ஐ ஒட்டி. இந்த இடைவெளிக்குள்தான் வேலை. பேரலில் (பொருளை உருக்கும் குழாய்) பின்னிருந்து முன்னாக 165, 175, 180, நாசிலில் 185 போதும். பொருள் நிரம்பவில்லை என்று ஆபரேட்டர் சூட்டை ஏற்றுவார். கருகல் வாடையும் கரும்புள்ளியும் அங்கேதான் ஆரம்பம். சூட்டை ஏற்றாமல், கேட்டை (அச்சுக்குள் பொருள் நுழையும் வாய்) அகலப்படுத்துவதே சரி. தூள் 80 மெஷ் சல்லடையில் சலித்தது, அதாவது 180 மைக்ரான் அளவு என்றால், கேட் 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெஷின் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் சுத்த பிபியைத் தள்ளிப் பேரலைக் காலி செய்துவிடுங்கள். பொருள் ஓடும் வழியைச் சூடாகவே வைத்திருக்கும் ஹாட் ரன்னர் அச்சு இதற்குச் சரிப்படாது.

உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிலிக்கா. பேரலுக்குள் பொருளைத் தள்ளும் சாதாரண நைட்ரைடு (மேற்பரப்பைக் கடினமாக்கிய) ஸ்க்ரூவை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். கேட்டைச் சுற்றி அச்சும் தேயும். உமி சூடாகும்போது அசிட்டிக் அமில ஆவியும் வரும். ஷிப்ட் முடிந்ததும் அச்சில் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்காவிட்டால் மறுநாளே பழுப்பு பூக்கும். இதை எந்த டேட்டா ஷீட்டிலும் போடுவதில்லை.

வாங்கும்போது மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பிபி எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று சதவீதமாவது வேண்டும். அது இல்லாவிட்டால் உமி பிளாஸ்டிக்கோடு பிடிக்காது. தொட்டியின் விளிம்பு கையால் அழுத்தினாலே விண்டுபோகும். தவிடு கலந்த உமியும் வரும். எண்ணெய்ப் பசை, புகை, வாடை மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான்.

விறைப்பு கூடும், சுருக்கம் குறையும், பொருள் வளையாமல் வரும். அடி தாங்குவது மட்டும் குறையும். அதனால் கொக்கி மாட்டும் மூடிகளுக்கு வேண்டாம். வெயில் மழையில் வைத்த தொட்டி வெளுத்து, கீறல் விழுந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். 'மக்கும் தொட்டி' என்று லேபிள் ஒட்டச் சொல்லும் கடைக்காரர்களுக்கு மறுத்துவிடுங்கள். மீதி 70 சதவீதம் பிபி, அது மக்காது.

குடகுப் பக்கம் கிடைக்கும் காபி உமியையும் சிலர் கேட்கிறார்கள். பார்ச்மென்ட் உமி (கொட்டையை ஒட்டிய மெல்லிய ஓடு) சிலிக்கா குறைவானது, ஸ்க்ரூவுக்கு இதம். செர்ரி உமியில் (காய்ந்த பழத்தின் தோலும் சதையும்) சர்க்கரை உண்டு; 180 டிகிரியிலேயே கறுத்து ஒட்டும். கரும்பழுப்பு நிறம் பரவாயில்லை என்றால் மட்டும் எடுங்கள்.