பதிவேடு, ஆச்சியின் நினைவு, கடல் கடந்த கோப்பு: வன்னிக் குடும்பத்தின் வேரைத் தேட எங்கே தொடங்குவது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தம் பூட்டனின் பெயரைத் தேடப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கிற ஆலோசனை, பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பிறப்புப் பதிவின் பிரதியை எடுங்கள் என்பதாகவே இருக்கிறது. எழுத்தில் இருப்பது மாறாது, வாய்ச்சொல் மாறும் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிற ஆலோசனை அது. தந்தை வழியையும் தாய் வழியையும் பல ஆண்டுகளாகத் தேடி வருகிறவன் என்ற முறையில், வன்னியின் பழைய ஊர்களைப் பொறுத்தவரை பதிவேட்டை முதலில் வைக்கும் அந்த வரிசை பிழையானது, பெரியவர்களின் நினைவிலிருந்தே தொடங்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அதே வேளை, அதே வன்னியில் வாழுகிற இன்னொரு சாராருக்கு எழுத்திலிருந்து தொடங்குவதே மிகப் பொருத்தமானது என்பதையும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கையில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதியத் தொடங்கியது 1867 இல். சுதந்திரத்துக்குப் பிந்திய பிறப்புச் சான்றிதழில் வேறு பல நாடுகளில் காணக் கிடைக்காத ஒரு கட்டம் உண்டு: பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தந்தை இலங்கையில் பிறவாதவராயின் பூட்டனாருக்கும் ஒரு கட்டம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையர் என்பதற்குத் தந்தை வழி முன்னோரின் பிறப்பைச் சான்றாகக் கேட்டதை ஒட்டி அமைந்தவை இக்கட்டங்கள். யாரையோ விலக்குவதற்கென்று எழுந்த ஒரு சட்டத்தின் தேவை, பிற்காலத்தில் வேர் தேடுகிறவருக்கு ஒரே தாளில் மூன்று தலைமுறையைக் காட்டுகிறது. என் கையில் முதன்முதலாக அத்தகைய பிரதி கிடைத்த நாளில், அப்பப்பாவின் பிறந்த ஆண்டு 1895 என்று தெளிவான கையெழுத்தில் இருந்ததைக் கண்டு, தேடல் பாதி முடிந்துவிட்டதாகவே எண்ணினேன்.

ஆனால் அந்த ஆண்டைப் பதிவாளருக்குச் சொன்னவர் யார்? பிள்ளை பிறந்த செய்தியைப் பதியச் சென்ற தகப்பன். அவருக்கு அதைச் சொன்னவர் யார்? வீட்டிலிருந்த யாரோ ஒரு பெரியவர். அப்படியானால் பாட்டனார் கட்டத்தில் இருப்பது ஆவணத்தின் உடையணிந்த வாய்ச்சொல். இதைப் புரிந்துகொள்ளாமல், சான்றிதழும் சின்னம்மாவின் கதையும் ஒத்துப்போகின்றன, ஆகவே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. இரண்டும் ஒரே சாட்சியின் இரண்டு குரல்களாக இருக்கலாம். பதிவேட்டில் நம்பத்தக்கது பதியப்பட்ட நிகழ்வும் அதன் திகதியுமே. அதில் குறிப்பிடப்படும் முன்னோர் பற்றிய விவரம் நினைவின் தரத்திலேயே எடைபோடப்பட வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அந்தக் கட்டத்தில் அப்பப்பாவுக்கு இடமுண்டு, அம்மப்பாவுக்கு இல்லை. அப்பம்மாவும் அம்மம்மாவும் அறவே இல்லை. காணிப் பத்திரங்களிலும் இதே சாய்வைக் காணலாம். கிளிநொச்சி, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குடியேற்றங்களில் வழங்கப்பட்ட பேர்மிட்டுகள் எனும் காணி அனுமதிப் பத்திரங்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்தவை. பேர்மிட்டில் காணிக்காரர் தமக்குப் பின் உரிமை பெறுகிறவரின் பெயரைக் குறித்து வைப்பது வழக்கமாதலால், தகப்பன் மகன் தொடர்பு அதில் ஐயமறத் தெரிகிறது. பெயர் குறிக்காமல் இறந்தால் மூத்த மகனுக்கே முதலுரிமை என்ற நிலை நெடுங்காலம் இருந்தமையால், ஆறு பிள்ளைகள் பெற்ற குடும்பமொன்று காணிக் கோப்பில் ஒற்றை மகனோடு நின்றுவிடுகிறது. பெண்வழி வெளிப்படுவது வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி எழுதப்பட்ட பழைய நொத்தாரிசு உறுதிகளிலேயே. தாயின் சீதனக் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதும்போது, அந்தக் காணி தாய்க்கு எவ்வாறு வந்தது என்பதையும் நொத்தாரிசு எழுதியாக வேண்டும். வீட்டில் ஒரு சீதன உறுதி எஞ்சியிருக்குமானால் அதைப் பத்துப் பிறப்புச் சான்றிதழ்களுக்கு மேலாக மதிப்பேன். சொந்தக் காணியே இல்லாமல் பிறர் வயலில் உழைத்துத் தலைமுறைகளைக் கழித்த குடும்பங்களுக்கு இந்த வழி அடியோடு அடைபட்டது என்பதையும் மறக்கலாகாது.

பதிவைத் தேடும்போது எல்லைகள் மாறியதை மனத்தில் வைத்திருப்பது அவசியம். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல். கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது 1984 இல். 1960 இல் முள்ளியவளையில் பிறந்தவரின் பதிவு வவுனியா மாவட்டத்தின் பெயரிலும், 1970 இல் பரந்தனில் பிறந்தவரின் பதிவு யாழ்ப்பாண மாவட்டத்தின் பெயரிலும் இருக்கும். இதை அறியாமல் இல்லாத இடத்தில் தேடி, பதிவே இல்லை என்று திரும்பி வந்தவர்கள் பலர். அதற்கு மேல் அழிவு. 1996 இன் சண்டை, 2004 டிசம்பர் 26 இன் கடற்கோள், 2008 இலிருந்து மன்னார்ப் பெருநிலப்பரப்பு தொடங்கி முள்ளிவாய்க்கால் வரை நீண்ட இடப்பெயர்வு ஆகியவற்றில் அலுவலகக் கோப்புகளும் வீட்டு ஆவணங்களும் போயின. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த சான்றிதழ்களும், பங்கருக்குள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன உறுதிகளும் வன்னியில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கதைகள். கொழும்பிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் பதிவின் மறுபிரதி இருக்கக்கூடும் என்பதால், உள்ளூரில் இல்லை என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது.

இனி நினைவு. என் தந்தையின் தங்கையான மாமிக்குப் பள்ளிப் படிப்பு அதிகமில்லை. எந்த ஆண்டில் யார் பிறந்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடிவதில்லை. எந்தக் குளத்தின் கீழ் வயல் செய்த காலம், எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிய காலம், எந்த வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வண்டில் கட்டிய காலம் என்று கேட்டால், நான் கேளாத பெயர்களும் கூடவே வந்து விழுகின்றன. வன்னியின் நினைவு குளத்தையும் கோயிலையும் பற்றி நிற்கிறது. ஆகையால் கேள்வியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பிள்ளைகளின் வரிசையை அவர் பெண்களையும் சேர்த்தே சொன்னார். பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளையும் சொன்னார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இரண்டு பெயர்கள் அவர் வாயிலிருந்துதான் எனக்குக் கிடைத்தன.

நினைவின் பலவீனம் பெயர்களில் தெரிகிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அதே பெயர் மீண்டும் வர, இரண்டு மனிதர்கள் கதையில் ஒருவராகிவிடுகிறார்கள். அதோடு கூப்பிடு பெயரும் பதிவுப் பெயரும் வேறு. ஊரெல்லாம் சின்னத்தம்பி என்று அறிந்தவரைப் பதிவேட்டில் அந்தப் பெயரில் தேடிப் பயனில்லை.

எங்கள் வீட்டுச் சாதக ஓலை ஒன்றில் இந்தச் சிக்கல் முழுமையாக நின்றது. பெயர் அப்பப்பாவினுடையது, ஆண்டு விகாரி. தமிழ் ஆண்டுகள் அறுபதின் வட்டமாதலால் அது 1899 ஆகவும் இருக்கலாம், 1839 ஆகவும் இருக்கலாம். அதாவது ஓலை அப்பப்பாவினுடையதா, அவர் பெயரைப் பெற்ற அவருடைய பாட்டனுடையதா என்று சொல்ல முடியவில்லை. வியாழன் பன்னிரண்டு ஆண்டிலும் சனி ஏறத்தாழ முப்பது ஆண்டிலும் சுற்றி முடிப்பதால், அறுபது ஆண்டுக்குப் பின் இரண்டும் பழைய இராசிக்கு அருகிலேயே வந்து நிற்கும். அவற்றை வைத்துப் பிரித்தறிவது கடினம். இராகுவின் சுற்று ஏறத்தாழ பதினெட்டரை ஆண்டு என்பதால் அறுபது ஆண்டில் அது இரண்டு மூன்று இராசி விலகியிருக்கும். ஓலையிலிருந்த இராகுவின் இடத்தைப் பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதிடர், அது 1899 என்று உறுதிசெய்தார். சான்றிதழ் 1895 என்றது. பிறந்தபோது எழுதப்பட்ட ஓலை 1899 என்கிறது. இவ்விடத்தில் நான் ஓலையையே ஏற்கிறேன்.

நினைவுக்கும் ஆவணத்துக்கும் இடைப்பட்ட இன்னொரு மூலத்தைத் தேடுவோர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டு எனும் நினைவு நூலைத்தான் சொல்கிறேன். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி அனைத்தும் இருக்கும். வம்சம் பற்றிய பகுதியில் கொண்டவர், கொடுத்தவர் என இருபுறமும் இருக்கும். மரண அறிவித்தலும் அப்படியே. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள், இன்னாரின் மைத்துனி என்று அடுக்கிச் செல்லும் அந்த வாசகம் ஒரு குடும்ப மரத்தையே சொற்களால் வரைந்து தருகிறது. துக்க வீட்டில் பலர் கூடியிருந்து சரிபார்த்து எழுதுவதால் பிழை குறைவு. நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பெருந்தொகையாக எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. வீட்டிலிருந்த பிரதி வன்னியில் எரிந்திருந்தாலும், யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ உள்ள உறவினர் ஒருவரின் அலுமாரியில் இன்னொரு பிரதி இருக்க வாய்ப்புண்டு.

புலம்பெயர்ந்தோரின் ஆவணங்களை நான் மூன்றாவதாகவே வைக்கிறேன். வெளிநாட்டுக் கோப்பு ஒழுங்காக இருக்கும், அழியாது என்பது உண்மை. ஆனால் நம் பெயரிடும் முறை அந்நாட்டுப் படிவங்களுக்குள் அடங்கவில்லை. என் தாயின் உடன்பிறந்தோர் மூவர் மூன்று நாடுகளில் வாழ்கிறார்கள். ஒருவருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராயிற்று, ஒருவருக்குத் தம் சொந்தப் பெயரே குடும்பப் பெயராயிற்று, சின்னம்மாவுக்குக் கணவனின் தகப்பன் பெயர் வந்து சேர்ந்தது. ழகரத்தையும் ளகரத்தையும் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியமையால், ஒரே அம்மப்பாவின் பெயர் மூன்று வடிவில் நிற்கிறது. அவர்களின் பிள்ளைகள் கடவுச்சீட்டை மட்டும் பார்த்தால் தாங்கள் ஒரே குடும்பம் என்று அறிய வழியில்லை. தஞ்சம் கோரிய கோப்பில் ஊர், குடும்ப உறுப்பினர், இடம்பெயர்ந்த வழி எல்லாம் விரிவாக இருக்கும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஒருவர் தம் சொந்தக் கோப்பின் பிரதியைக் கேட்டுப் பெற முடியும். ஆயினும் அது உயிருக்கு அஞ்சிய ஒருவர் சொன்ன வாக்குமூலம். அதில் விடுபட்டவற்றுக்கும் மாற்றிச் சொல்லப்பட்டவற்றுக்கும் காரணம் உண்டு. அவரிடம் பக்குவமாகக் கேட்டு, அவர் விரும்பித் தந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மரபணுச் சோதனையைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். மச்சான் மச்சாள் திருமணம் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த குடும்பங்களில், பகிரப்படும் மரபணு கூடுதலாக இருப்பதால் தூரத்து உறவு நெருங்கிய உறவாகக் காட்டப்படும். பெயரையும் ஊரையும் அது தராது.

இவ்வரிசை தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில், 1958, 1977, 1983 வன்செயல்களைத் தொடர்ந்து மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களின் முன்னோரைத் தேடுவதற்குக் குடிபெயர்வு ஆவணங்களே முதல் வழி. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததைச் சான்றோடு காட்டுமாறு கேட்டது. அந்த விண்ணப்பங்களில் தோட்டம், குடும்பம், வந்த காலம் எல்லாம் எழுதப்பட்டன. 1964 இன் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தபோது எழுந்த கோப்புகளும் அப்படியே. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் எனப் பிரிந்த வீடுகளில், தமிழ்நாட்டிலுள்ள கிளையின் பத்திரத்தில்தான் பூர்வீகக் கிராமத்தின் பெயர் எஞ்சியிருக்கக்கூடும். நாடற்றோர் என்று ஆக்கப்பட்ட துன்பத்தின் சுவடு அத்தாள்கள். நினைவில் அவர்களுக்கு நிலைத்திருப்பது பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயர். மன்னார்க் கரையில் இறங்கி வன்னிக் காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தவர்களைப் பற்றிய கதைகளைவிட, அந்தத் தெய்வத்தின் பெயரே ஊரைக் கண்டுபிடிக்க உதவும்.

மூன்று வழியும் ஒருசேர நின்றுபோகிற இடமும் உண்டு. போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோருக்கு, 2010 ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின் கீழ் இறப்பைப் பதியலாம். 2016 இன் திருத்தத்தின் பின், இறப்பு என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழையும் பெறலாம். இரண்டையும் ஏற்க மறுத்துக் காத்திருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். அந்தக் கிளையில் இறந்த ஆண்டு என்று எதையும் நான் எழுதுவதில்லை. உறவினர் எவர் கேட்டாலும் எழுத மாட்டேன்.

அப்பப்பாவின் பெயருக்கு எதிரே 1899, சாதக ஓலைப்படி என்றும், அதன் கீழே 1895, பிறப்புப் பதிவின் பாட்டனார் கட்டத்தின்படி என்றும் இரண்டையும் எழுதியிருக்கிறேன். மாமி சொன்ன இரு குழந்தைகளின் பெயரும் அவர் சொன்ன நாளோடு அதில் இருக்கின்றன. வைகாசிப் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சின்னம்மாவின் பிள்ளைகளிடம் கொடுப்பதற்காக அதன் மூன்று பிரதிகளை எடுத்து வைத்துள்ளேன். ஒன்றில் அவர்கள் அம்மப்பாவின் பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன்.