மூன்று மாரி ஓடிய 28 அங்குலச் சைக்கிள்

2022 ஆடியில் பெற்றோலுக்காக இரண்டு நாள் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பின்னேரம்தான், மாமா வீட்டுத் தாவாரத்தில் சாத்தியிருந்த சைக்கிள் என் கண்ணில் பட்டது. கறுப்பு நிறம். 28 அங்குலச் சில்லு, கம்பி பிரேக், கியர் கிடையாது. செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி, பின்னால் நெல் மூட்டை ஏற்றுகிற கரியர். மாமா அதில்தான் வயலுக்குப் போய் வந்தவர். புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றிய காலம் அது. "எண்ணெய் மட்டும் குடு மனே, அது உன்ன வீட்ட கொண்டு வந்து விடும்" என்று சொல்லித் தந்தார்.

இதை எழுதுவது 2025 மாசியில். மூன்று மாரி அதில் ஓடி முடித்துவிட்டேன். ஆரையம்பதியில் இருந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. வேலைக்குச் சைக்கிளில் போக நினைத்து, மழையை எண்ணித் தயங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போட்டியைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாவிட்டால் இந்தச் சைக்கிள் முதல் மாரியோடு தாவாரத்துக்கே திரும்பியிருக்கும். பின்லாந்தில் ஊலு என்ற நகரத்தில் சனம் உறைபனியிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறது, 2013இல் பனிக்காலச் சைக்கிள் ஓட்டத்துக்கென்றே அங்கே ஒரு மாநாடு கூடியது என்று கந்தோரில் கூட வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி சொன்னாள். ஐஸ் பிடித்த ரோட்டில் வழுக்காமல் இருக்க டயரில் சின்ன ஆணிகள் பதித்து ஓடுவார்களாம். வெளிநாடுகளில் பனிக்காலம் முழுக்க யார் அதிக நாள் ஓடுகிறார் என்று நண்பர்கள் தங்களுக்குள் போட்டி வைப்பதும் உண்டாம். நமக்குப் பனி இல்லை, ஆனால் மாரி இருக்கிறது. மட்டக்களப்புக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். ஊரில் சைக்கிள்கள் மூலைக்குப் போவதும் அப்போதுதான்.

அப்படித்தான் ஐந்து பேர் சேர்ந்தோம். நாவற்குடாத் தங்கச்சி, காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), கல்லடி ரீச்சர், வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து மண்முனைப் பாலத்தால் வரும் தம்பி, நான். நவம்பர் 1 தொடக்கம் ஜனவரி 31 வரை, சைக்கிளில் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. கோடு போடுகிற சி.ஆர். கொப்பி கல்லடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருக்கும். கடைசியாக வருகிறவர் மற்ற நாலு பேருக்கும் கொத்து ரொட்டி வாங்கித் தர வேண்டும். வெள்ள எச்சரிக்கை விட்ட நாள் கணக்கில் இல்லை. ரீச்சர் இன்னொரு விதியும் சேர்த்தார்: வழியில் ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும், திரும்பினவருக்கும் கோடு உண்டு. எங்கள் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த விதிதான். ஓடுகிற வெள்ளம் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். ஒரு கோட்டுக்காக யாரும் அதில் இறங்கிவிடக் கூடாது.

முதல் மாரியில் எனக்கு 38 கோடு. மூன்றாவதில் 52.

சரி, சைக்கிளுக்கு வருவோம். அதன் பலவீனம் பிரேக்தான், அதை விரிவாகவே சொல்ல வேண்டும். கம்பி பிரேக்கை வயருக்குப் பதில் இரும்புக் கம்பிதான் இழுக்கும், கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தில் மேல்நோக்கி வந்து பிடிக்கும். றிம் குரோம் பூசிய இரும்பு. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. 2022 நவம்பர் முதல் கிழமை, நல்ல தூறலுக்குள் கல்லடிப் பாலத்தால் இறங்கி வருகிறேன், முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. இரண்டு கையாலும் அமுக்கினேன். கட்டை றிம்மைத் தொட்டது கைக்குத் தெரிந்தது, ஆனால் பிடிக்கவில்லை, சவர்க்காரம் தடவியது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. சில்லு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, றிம்மில் இருந்த தண்ணீர் துடைபட்ட பிறகுதான் கடித்தது. இந்தச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் ஓடும். ஆட்டோவின் பின் விளக்குக்கும் என் மட்காட்டுக்கும் இடையில் மிஞ்சியது ஒரு சாண் தூரம்.

அதற்குப் பிறகு மழையில் என் பழக்கமே மாறிவிட்டது. சந்தி வருவதற்கு நன்றாக முன்பே பிரேக்கை மெதுவாகத் தொட்டு வைப்பேன். அது நிற்பாட்டுவதற்காக அல்ல, றிம்மைத் துடைப்பதற்கு. பிறகு அமுக்கினால் பிடிக்கும். முன்னால் போகிற வாகனத்துக்கு வெயில் நாளில் விடுகிற இடைவெளியைப் போல மூன்று மடங்கு விடுகிறேன். கிழமைக்கு ஒருமுறை கட்டைகளைப் பார்ப்பேன். கறுப்பு ரப்பருக்குள் மினுங்குகிற சின்னத் துணுக்குகள் பதிந்திருக்கும், கொஞ்சம் மணல், கொஞ்சம் இரும்பு. ஊக்கு முனையால் அவற்றைக் கிண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் றிம்மை அரத்தால் அராவுவது போல அராவிக்கொண்டே இருக்கும். மூன்று மாரிக்கு ஐந்து சோடி கட்டை மாற்றியிருக்கிறேன்.

இதே சைக்கிளின் பெரிய பலம் அந்தத் தகரப் பெட்டி. சேறோ மணலோ செயினில் படுவதே இல்லை. ஒரே செயின் இரண்டு மாரி ஓடியது. காக்காவின் சைக்கிள் இதற்கு நேர்மாறு. தடித்த டயர், 21 கியர், மட்காட் இல்லை. பார்க்க மழைக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் கடற்கரைப் பக்கத்து ரோட்டு மணல் முழுவதும் தண்ணீரோடு அள்ளுண்டு பின் கியரில்தான் போய் அப்பும். முதல் இரண்டு மாரியில் இரண்டு தரம் பின் கியர் மாற்றினார். மூன்றாம் மாரி தொடங்குவதற்கு முன்பு கியரையே கழற்றி ஒற்றைப் பல் போட்டு, இரண்டு மட்காட்டும் பூட்டிவிட்டார். பழைய எண்ணெய்க் கேனை வெட்டி முன் மட்காட்டின் நுனியில் தொங்கவிட்டதும் அவருடைய யோசனைதான். அந்தத் துண்டு வந்த பிறகு என் கால்களுக்குச் சேறு அடிப்பது நின்றுபோனது. எங்கள் ஊர் மேடு பள்ளம் இல்லாத ஊர். கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றமே இல்லை. கியருக்கு இங்கே வேலை குறைவு, மட்காட்டுக்குத்தான் வேலை அதிகம். ஆனால் பிரேக்கில் காக்காவின் சைக்கிள்தான் மேல். அலுமினிய றிம் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கிறது.

கியர் வேண்டும் என்று தோன்றுகிற நேரம் ஒன்று உண்டு. அது காற்றுக்கு. காலையில் நான் போவது வடக்கே. மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும், நேரே வலது கன்னத்தில் அடிக்கும். காத்தான்குடி பிரதான வீதியில் நடுவே நிற்கும் ஈச்சை மரங்களின் ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே பாலத்தில் என்ன காத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2013இல் திறந்த புதுப்பாலத்தில் ஏறினால் மறைப்பு ஒன்றும் கிடையாது, பக்கத்தில் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் வாவியும்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு போன நாட்களும் உண்டு. ஆனால் பின்னேரம் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பெடலை மிதிக்காமலே நாவற்குடா வரை வந்துவிடுவது போல இருக்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும்போது ஓடுவதைவிட மாரியில் ஓடுவதே எனக்குச் சுகம். இதைச் சொன்னால் வீட்டில் நம்புகிறார்கள் இல்லை.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கோட்டுக்குள் வியர்வையால் நனைகிறோம், அங்கி மாதிரி விரிகிற கோட்டு பாலத்தில் பாய்மரம் ஆகிறது. இரண்டையும் விட்டுவிட்டேன். அரைக் காற்சட்டையோடு நனைந்துகொண்டே போய், கந்தோரில் துவட்டி உடுப்பு மாற்றுகிறேன். உடுப்பு இரண்டு சொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு கரியரில் இருக்கும். டைனமோ ஈர டயரில் வழுக்குவதால் விளக்கு மங்கிவிடும். நவம்பரில் பின்னேரம் ஐந்தே முக்காலுக்கே இருட்டத் தொடங்குகிறது, அதனால் பற்றரி விளக்கு முன்னும் பின்னும் கட்டாயம். டயரில் காற்றுப் போவதும் மழையில்தான் அதிகம், நனைந்த ரப்பரைக் கண்ணாடித் துண்டு சுலபமாக வெட்டிவிடும். ஈரத்தில் ஒட்டு ஒட்டாது என்பதால் ஒரு டியூப் எப்போதும் பையில் கிடக்கும்.

2024 நவம்பர் கடைசிக் கிழமை எல்லோருக்கும் நினைவிருக்கும். உயர்தரப் பரீட்சையையே தள்ளிவைத்த வெள்ளம். அந்தக் கிழமை யாரும் சைக்கிள் எடுக்கவில்லை. தம்பிக்கு அதற்குப் பிறகும் சில நாள் வழி இல்லை. படுவான்கரையில் வயலும் ரோட்டும் ஒன்றாகக் கிடந்தன. வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வாவித் தண்ணீர் இறங்கினால்தான் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு மூச்சு வரும். ஒரு காலை புறப்பட்டுப் பார்த்தவன், தாழ்வான ரோட்டுத் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போகிறது என்று திரும்பிவிட்டு எனக்குக் கோல் எடுத்தான். "அண்ணன், எனக்குக் கோடு போடுங்க." அன்றைக்கு அவனுடைய கோட்டைப் போட்டுவிட்டுத்தான் என்னுடையதைப் போட்டேன்.

என் சைக்கிளும் ஓர் இரவு முற்றத்து வெள்ளத்தில் அச்சளவுக்கு நின்றது. நான் கவனிக்காமல் விட்டது அதைத்தான். அடுத்த கிழமை பெடல் மிதிக்கும்போது கற்கண்டு கடிபடுகிற சத்தம் வந்தது. சைக்கிள் கடை ஐயா பெடல் அச்சைக் கழற்றிக் காட்டினார், உள்ளே கிறீஸ் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அச்சுக்குள் உருளுகிற போல்ஸ் என்ற சின்ன இரும்புக் குண்டுகள் எல்லாம் துருப் புள்ளி. வாவிக்கரைத் தண்ணீரில் உப்பும் கலந்திருக்கும், இரும்பை அது ஒரு நாள்கூட விட்டுவைக்காது. வெள்ளத்தில் நின்ற சைக்கிளை ஓடிப் பார்க்காமல் நேரே கடைக்குக் கொண்டு போய் இரண்டு சில்லின் அச்சையும் பெடல் அச்சையும் திறந்து கிறீஸ் மாற்றிவிடுங்கள். போல்ஸ் மாற்றுகிற செலவு மிச்சமாகும்.

மற்றபடி தினமும் வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடம். பழைய சாரத் துணியால் றிம், பிரேக் கம்பி, கரியர் எல்லாம் துடைப்பேன். தகரப் பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து, பெடலைப் பின்னுக்குச் சுற்றிக்கொண்டே கண்ணிக்கு ஒரு துளியாகத் தையல் மெசின் எண்ணெய் விடுவது கிழமைக்கு ஒரு தரம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணை இழுத்துக்கொள்ளும். அப்புறம், சைக்கிளைச் சாத்தும்போது சீற்றில் ஒரு பேக்கைக் கவிழ்த்துவிடுவேன். சீற்றுக் குழாய் வழியே இறங்குகிற தண்ணீர் நேரே பெடல் அச்சுக்குத்தான் போகும்.

போன மாதம் 31ஆம் திகதி பின்னேரம் கொப்பியை எண்ணினோம். ரீச்சருக்கு 55. தம்பி கடைசி. அவன் காசை எடுத்து நீட்ட, காக்கா அதை வாங்கித் திரும்ப அவன் பொக்கற்றிலேயே வைத்துவிட்டார். அன்றைய கொத்து காக்காவின் கணக்கு.

அடுத்த ஐப்பசிக்குள் ஒரு வேலை இருக்கிறது. முன் சில்லுக்கு அலுமினிய றிம் போட ஆசை. கம்பி பிரேக் அதற்குப் பொருந்தாது, முன்னுக்கு வயர் பிரேக் பூட்ட வேண்டும் என்கிறார் கடை ஐயா. மாமாவின் சைக்கிள், அவரைக் கேட்காமல் கை வைக்க மனம் வரவில்லை. போன ஞாயிறு போய்க் கேட்டேன். தாவாரத்தில் இருந்தபடியே முன் சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னுக்கு மாத்து மனே. பின்னுக்கு இருக்கிறது அப்படியே இருக்கட்டும்."