லயம் என்பாரா, ஏனுங்க என்பாரா?
கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்துக் கதைக்கு உரையாடல் எழுத இரண்டு வழி. ஒன்று, ஒலியை அப்படியே எழுதுவது: "கொழுந்து எடுக்கப் போகோணுங்க." காதில் விழும், பக்கம் முழுக்க இப்படியே போனால் கண் களைத்துவிடும். மற்றது, எழுத்துத் தமிழில் வாக்கியம், சொல் மட்டும் அந்த ஆளுடையது. எனக்கு இதுதான் சரி. இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த பாட்டி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை 'லயம்' என்பார். காய்கறி ஏற்ற வந்த கோயம்புத்தூர் டிரைவர் 'ஏனுங்க' என்பார். ஒரு சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும். ஒலியை எழுதுகிறவர்கள் பலர் பாட்டி வாயிலும் கொங்குத் தமிழையே வைத்துவிடுகிறார்கள். அவர் கடல் தாண்டி வந்த கதையே அதில் அழிந்துபோகிறது. அப்புறம், நீலகிரியின் படுகர் சமூகத்தார் வீட்டுக்குள் பேசுவது படுகு. அது தமிழின் வட்டார வழக்கு இல்லை, தனி மொழி. அங்கே கொச்சைத் தமிழ் எழுதவே கூடாது.