நாலு சிலிண்டர் காடிக்கு நைட்ரஸ் கிட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும், எந்தப் பந்தயத்தில் மாட்டலாம் என்பதும்

இன்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தி, கூடுதல் ஆக்சிஜனால் கூடுதல் குதிரைத்திறன் எடுக்கும் கருவித் தொகுப்புதான் நைட்ரஸ் கிட். அதை விற்கும் நாஸ் கம்பெனி தன்னுடைய கிட் ஒன்றுக்கு வைத்திருக்கும் பெயர் ‘சீட்டர்’. விற்கிறவனே ஏமாற்றுக்காரன் என்று பெயர் வைத்துவிட்டால், நைட்ரஸ் அழுகுணி ஆட்டமா இல்லையா என்று மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை சண்டை போடுவதில் ஆச்சரியம் என்ன? அந்தச் சண்டைக்குப் பிறகு வருவோம். முதலில் பொருள்.

கோலாலம்பூரில் சாத்ரியா ஜிடிஐ, வீரா, மைவி வைத்திருப்பவர்கள் தேடி வருவது ஒரே ஒரு நாஸில் (தெளிக்கும் முனை) உள்ள ‘வெட்’ கிட், அதாவது நைட்ரஸோடு பெட்ரோலையும் சேர்த்துத் தெளிப்பது. 35, 50, 75 குதிரைத்திறன் என மூன்று ஜோடி ஜெட்டோடு (பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சின்னத் துளைத் துண்டு) வரும் வகை. எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் இங்கே எல்லோரும் ‘நாஸ்’ என்றுதான் கேட்பார்கள், எல்லா மீயையும் மேகி என்பதுபோல.

பெட்டியைத் திறந்தால் 10 பவுண்டு அலுமினிய பாட்டில், 4 ஏஎன் அளவுப் பின்னல் ஹோஸ், நைட்ரஸுக்கு ஒன்று பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு சொலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), நாஸில், ஜெட்டுகள், திராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வழி) சுவிட்ச், ரிலே. பல பெட்டிகளில் இல்லாதவைதான் முக்கியம்: பாட்டில் பிரஷர் கேஜ், இன்ஜின் சுழற்சி குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்போது மட்டும் நைட்ரஸை விடும் ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச், பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் நைட்ரஸை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச். இந்த மூன்றையும் தனியாக வாங்காமல் கிட்டை மாட்டுவது, பிரேக் இல்லாமல் கெந்திங் மலை இறங்குவதற்குச் சமம். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் பாட்டில் ஹீட்டரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் வேண்டாம்? பாட்டிலுக்குள் இருப்பது திரவ நைட்ரஸ். அது ஜெட் வழியாக எவ்வளவு பாயும் என்பதை முடிவு செய்வது பாட்டிலின் அழுத்தம், அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. ஜெட் அளவுகள் எல்லாம் 900 முதல் 1000 பிஎஸ்ஐ வரையான அழுத்தத்தை நினைத்துப் போட்ட கணக்கு. 20 டிகிரியில் பாட்டில் 735 பிஎஸ்ஐ பக்கம்தான் காட்டும், குளிர்நாட்டுக்காரர்களுக்கு ஹீட்டர் அதற்காக. நம் ஊர் நிழலில் 31, 32 டிகிரி. கேஜ் தானாகவே 900க்கு மேல் நிற்கும். இயற்கையே நமக்கு ஹீட்டர்.

சிக்கல் நிழலை விட்டு வெளியே வந்தால்தான். 36.4 டிகிரிக்கு மேல் நைட்ரஸில் திரவம் வேறு வாயு வேறு என்ற பிரிவே கிடையாது. மதியம் வெயிலில் நிறுத்திய காடியின் பூட் அதைச் சுலபமாகத் தாண்டும். கேஜ் 1200ஐத் தாண்டிய பாட்டிலைத் திறந்து ஓடினால் நைட்ரஸ் கணக்குக்கு மேல் பாயும், பெட்ரோல் ஜெட்டோ பழைய அளவிலேயே நிற்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வந்து, பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அதனால் இங்கே தேவை ஈரத்துணி. பாட்டில்மேல் போர்த்தி, காற்றுப் படும்படி வைத்து, கேஜ் 1000க்குக் கீழே வந்த பிறகு ஓடுங்கள். தொடர்ந்து நாலைந்து ஓட்டம் போட்டால் எதிர்ப்பக்கம் போகும்: பாட்டில் குளிர்ந்து அழுத்தம் விழும், கலவையில் பெட்ரோல் கூடி வேகம் குறையும். நிழலில் காத்திருங்கள். கேஸ் டார்ச்சால் சூடு காட்டுகிற கெட்டிக்காரர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள், நெருப்புப் பட்ட அலுமினியம் வலு இழக்கும்.

இன்னொன்று: கேஜ் மிச்சம் எவ்வளவு என்று காட்டாது. வெப்பநிலை மாறாவிட்டால், திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மிச்சம் தெரிய எடை போட வேண்டும். காலி எடையை பாட்டில் லேபிளில் பார்த்து, ரீஃபில் செய்த இடத்திலேயே தராசில் வைத்துப் பார்த்துக் காசு கொடுங்கள். 10 பவுண்டுக்கு மேல் ‘கொஞ்சம் தாராளமாக’ நிரப்பித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். வெயிலில் விரிய இடமில்லாவிட்டால் பாதுகாப்புத் தகடு வெடித்து, முழுப் பாட்டிலும் காடியின் பூட் உள்ளே கொட்டிவிடும்.

மாட்டுவது போர்மேன் ஒருவருக்கு ஒருநாள் வேலை. திராட்டில் பாடிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் முன்னால் இன்டேக் குழாயில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) 8.7 மில்லிமீட்டர் துளை, அதில் 1/8 என்பிடி அளவுக் குழாய் மரை, நாஸிலின் வாய் திராட்டிலைப் பார்த்து. காற்று அளக்கும் சென்சார் இருந்தால் நாஸில் அதற்குப் பின்னால்தான். பாட்டில் லேபிள் மேல்நோக்கி, வால்வு காடியின் முன்பக்கம் பார்த்துச் சற்றுத் தூக்கலாக. உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் பின்பக்கம் அடியில் முடிவதால், முடுக்கும்போது திரவம் அங்கே சேரும். தலைகீழாகக் கட்டினால் திரவத்துக்குப் பதில் வாயுதான் வரும். மரைக்கு வெள்ளை டேப் சுற்றாதீர்கள், பேஸ்ட் போடுங்கள். பிய்ந்த டேப் துணுக்கு சொலினாய்டின் இருக்கையில் மாட்டினால் அது முழுதாக மூடாது. நைட்ரஸ் கசிந்து இன்டேக்கில் நிறைந்து, மறுநாள் காலை சாவி திருப்பும்போது குழாய் வெடிக்கும். ஓட்டம் முடிந்ததும் பாட்டில் வால்வைக் கையால் மூடச் சொல்வது இதற்குத்தான்.

வயரிங்கில் வரிசை இது: மெயின் சுவிட்ச், விண்டோ சுவிட்ச் (3000 ஆர்பிஎம்மில் திறந்து, இன்ஜினின் உச்சச் சுழற்சி எல்லையான ரெவ் லிமிட்டுக்கு 300 முன்னால் மூட வேண்டும்), முழுத் திராட்டில் சுவிட்ச், கடைசியில் ரிலே. சொலினாய்டு மின்சாரத்தைச் சின்ன சுவிட்ச் வழியாகவே ஓடவிட்டால் சுவிட்ச் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை: இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது பெட்ரோல் சொலினாய்டுக்கு மட்டும் ஒரு நொடி கரண்ட் கொடுங்கள். இன்ஜின் திணறினால் நல்லது, பெட்ரோல் வருகிறது. ஒன்றுமே ஆகாவிட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஜெட் விஷயத்தில் எங்கள் தீர்ப்பு: ஃபேக்டரி பிஸ்டன் உள்ள 4ஜி93க்கு (சாத்ரியா ஜிடிஐயின் இன்ஜின்) 50 போதும், 1.3 மைவிக்கு 35. 75 ஜெட்டை டிராயரிலேயே வையுங்கள். 50க்கு இக்னிஷன் டைமிங் 2 டிகிரி பின்னுக்கு, பிளக் ஒரு படி குளிர்ந்தது (என்ஜிகேயில் 6 இருந்தால் 7), இடைவெளி 0.8 மில்லிமீட்டர், டேங்கில் ரோன் 97க்குக் குறையாமல். முதல் ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகளோ, மின்னும் துகள்களோ இருந்தால் அந்த மினுமினுப்பு உங்கள் பிஸ்டன் அலுமினியம்.

இனி அந்தச் சண்டை. ‘டர்போ ஓகே, நைட்ரஸ் மட்டும் கள்ளாட்டமா?’ என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இரண்டும் செய்வது ஒரே வேலை, சிலிண்டருக்குள் கூடுதல் ஆக்சிஜன். காற்றில் எடைப்படி 23 விழுக்காடு ஆக்சிஜன், நைட்ரஸில் 36. ஆனால் பந்தயத்தில் எது கள்ளம் என்பதை வேதியியல் முடிவு செய்வதில்லை, விதிப்புத்தகம் முடிவு செய்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் பொது விதி, பெட்ரோலை எரிக்கும் ஆக்சிஜனுக்காக வெளிக்காற்றைத் தவிர எதையும் கலக்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயத்தை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் புரோ மோட் பிரிவில் நைட்ரஸ் காடி டர்போ காடிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், புரோ ஸ்டாக்கில் கூடாது. அமெரிக்க நாஸ்கார் பந்தயமான டேடோனா 500இன் 1976 தகுதிச் சுற்றில் ஏ.ஜே.ஃபாய்ட், டேரல் வால்ட்ரிப் என்ற இரண்டு ஓட்டுநர்களின் நேரமும் நைட்ரஸ் காரணமாக ரத்தானது.

செப்பாங்கில் சர்க்யூட் ரேஸ் ஓடுபவர்களுக்கு இந்தக் கேள்வியே வீண். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். 50 ஜெட் 10 நொடிக்கு அரை பவுண்டு அளவு குடிக்கும். இரண்டு நீள நேர்வழியில் மட்டும் 16 நொடி அழுத்தினாலும் பத்துச் சுற்றுக்குள் அழுத்தம் படுத்துவிடும். 1000 கிலோமீட்டர் பந்தயம் என்றால் 180 சுற்று, மிச்சத்துக்குக் காலிப் பாட்டிலைச் சுமந்து ஓட வேண்டியதுதான். 402 மீட்டர் டிராக் பந்தயத்துக்குத்தான் இந்தப் பொருள். அங்கேயும் பதிவு செய்யும் முன் உங்கள் கிளாஸின் (பந்தயப் பிரிவின்) விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘இன்ஜின் மாடிஃபிகேஷன் அனுமதி’ என்ற வரியில் நைட்ரஸ் அடங்காது.

பாட்டிலை மட்டும் கழற்றிவிட்டு நைட்ரஸ் கூடாத கிளாஸில் நுழையலாம் என்று நினைப்பவர்களுக்கு: பரிசோதகர் பாட்டிலைத் தேட மாட்டார். இன்டேக் குழாயில் அந்த மரைத் துளையை, திராட்டில் கம்பி ஓரத்தில் ஒட்டிய சின்ன சுவிட்சைத்தான் பார்ப்பார். ரோட்டில் பந்தயம் விடுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எப்படியும் குற்றம், அதற்கு நைட்ரஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

புதுசு வாங்கக் காசு இல்லை, ஹாஃப்கட் கடையில் (பழைய காடிப் பாகம் விற்கும் கடை) பழைய கிட் கிடைக்கிறது என்றால் ஹோஸும் நாஸிலும் தைரியமாக எடுக்கலாம், சொலினாய்டுக்குப் புது சீல் போட வேண்டும். பாட்டிலை மட்டும் தோள்பட்டையில் குத்தியிருக்கும் தேதி பார்க்காமல் தொடாதீர்கள். கடைசி அழுத்தச் சோதனைக்கு 5 வருடம் கடந்திருந்தாலோ, பெயிண்ட் அடித்துத் தேதியை மறைத்திருந்தாலோ, எத்தனை வெள்ளி குறைத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.