நிக்கான் எஃப்எம்2: எதை விற்றேன், எதை வைத்துக்கொண்டேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிலிமைத் தானாகச் சுற்றும் மோட்டார் டிரைவையும் ஜூம் லென்ஸையும் விற்றுவிட்டேன். எஃப்எம்2 என்ற பிலிம் கேமராவின் பாடியும் 50 மி.மீ. லென்ஸும் என்னிடமே இருக்கின்றன. வருடத்துக்கு ஒன்றிரண்டு ரோல் ஓடினாலே பெரிய விஷயம் என்கிற ஆள் நான். வீட்டில் "அது எதுக்குங்க இன்னும்?" என்ற கேள்வி ஒவ்வொரு பொங்கலுக்கும் பீரோ ஒழிக்கும்போது வரும். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கேமரா கும்பகோணம் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் வாங்கியது. அவர் டிஜிட்டலுக்கு முழுசாக மாறியபோது பழையதையெல்லாம் மொத்தமாகக் கொடுத்தார். கல்யாண வீடுகளில் உழைத்த பாடி. கறுப்பு பெயின்ட் போய் ஓரங்களில் பித்தளை தெரிகிறது. எஃப்எம்2 முதலில் வந்தது 1982-இல். 1984-இல் ஃப்ளாஷ் சிங்க் வேகத்தை, அதாவது ஃப்ளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, 1/200 விநாடியிலிருந்து 1/250 ஆக்கித் திருத்திய பதிப்பு வந்தது. 2001 வரை தயாரித்தார்கள். சீரியல் நம்பருக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து இருந்தால் அது திருத்திய பதிப்பு. என்னுடையது அதுதான்.

இந்தக் கேமராவைப் பற்றிப் பேசும் எல்லோரும் 1/4000 விநாடி ஷட்டர் வேகத்தைச் சொல்வார்கள். அது வெறும் பெருமைக்கு இல்லை, நம் ஊர் வெயிலில் நிஜமாகவே உதவும். ஐஎஸ்ஓ 400 என்ற வேகமான பிலிமைப் போட்டுக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நின்றால், 1/1000 வரை மட்டுமே போகும் பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராவில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 11 பக்கம் மூடியாக வேண்டும் (எண் கூடினால் துளை சிறியது). பின்னணியில் இருக்கும் போஸ்ட் கம்பம், கேபிள் ஒயர், பேனர் எல்லாம் முகத்தோடு சேர்ந்து துல்லியமாக விழும். எஃப்எம்2-இல் எஃப் 5.6 வரை திறக்கலாம். ஆட்கள் படம் எடுப்பவருக்கு இந்த இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், பெரிய வித்தியாசம்.

பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரி. கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் வேலை செய்யும். மீட்டர் என்பது வியூஃபைண்டரின் ஓரத்தில் மூன்று சிவப்பு விளக்கு: கூட்டல், வட்டம், கழித்தல். வட்டம் எரிந்தால் வெளிச்சம் சரி. இருட்டில்கூடத் தெரியும்.

பிடிக்காதவையும் உண்டு. பிலிம் சுற்றும் லீவரைச் சற்று வெளியே இழுத்துவைத்தால்தான் பொத்தான் அழுந்தும். இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு அந்த லீவர் நெற்றியில் குத்தும். நான் இடது கண் ஆசாமி. கண்ணாடி போட ஆரம்பித்த பிறகு வியூஃபைண்டரின் நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிவதில்லை; முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டியிருக்கிறது.

மோட்டார் டிரைவை ஏன் விற்றேன் என்பதற்குக் கணக்கே போதும். எம்டி-12 என்ற அந்தச் சாதனம் எட்டு டபுள் ஏ பேட்டரி சாப்பிட்டு, விநாடிக்கு 3.2 படம் வரை தள்ளும். 36 படம் உள்ள ரோல் பதினோரு விநாடியில் காலி. இன்று ஒரு ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு ஆபீசில் பிலிம் கொடுத்த காலத்துச் சாமான் அது. 43-86 ஜூமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிர்வெயிலில் வெளிறிப்போகும், ஓரங்கள் வளையும். அதை விரும்பித் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

செலவைப் பற்றிப் பேசாமல் முடியாது. கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து கைக்கு வர, என் கணக்கில் ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. கழுவுவதற்கு இப்போது தெருமுனை ஸ்டுடியோ கிடையாது. கூரியரில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு வயிற்றெரிச்சல் வேறு. ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967-இல் உற்பத்தியை ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் பேப்பர் எல்லாம் அங்கிருந்து வந்தன. தொண்ணூறுகளிலேயே நொடித்துப்போனது. இன்றைக்கு நாம் போடும் ஒவ்வொரு ரோலும் கப்பலிலோ விமானத்திலோ வந்தது. டாலர் ஏறினால் பிலிமும் ஏறும்.

அதனால் நான் கறுப்பு வெள்ளைக்கு மாறி, வீட்டிலேயே கழுவுகிறேன். இல்ஃபோர்ட் எச்பி5 பிலிமை, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்த டி-76 மருந்தில் 20 டிகிரியில் பதினோரு நிமிடம் கழுவச் சொல்கிறார்கள். 20 டிகிரித் தண்ணீர் சென்னையில் எந்தக் குழாயில் வருகிறது? மாடித் தொட்டித் தண்ணீர் மார்கழியில்கூட இருபத்தைந்துக்குக் கீழே இறங்காது. சித்திரையில் கேட்கவே வேண்டாம். முதலில் ஐஸ் கட்டி போட்ட டப்பில் பாட்டில்களை நிறுத்தி ஆறவைத்தேன். இப்போது 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, நேரத்தை எட்டு நிமிடம் பக்கம் குறைத்துக்கொள்கிறேன். கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள், கொஞ்சம் கூடுகிறதோ என்று சந்தேகப்பட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து, படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்ஸர், கடைசியாகக் கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். வேடிக்கை என்னவென்றால், கலர் பிலிமுக்கான சி-41 முறைக்கு 38 டிகிரி வேண்டும். குளிர்தேசத்துக்காரர்கள் அதற்கென்று ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு மே மாதத்தில் அது கிட்டத்தட்ட இலவசம்.

இனி உண்மையான கேள்விக்கு வருகிறேன். அரிதாகத்தான் எடுக்கிறோம் என்பது மட்டும் விற்பதற்குக் காரணமாகாது. சும்மா இருக்கும்போது அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது, கெட்டால் யாராவது சரிசெய்வார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி பங்கஸ். அழகாக இருக்கிறதே என்று தோல் உறையோடு பூட்டிவைப்பதைப் போல அதற்கு வசதி செய்துகொடுப்பது வேறில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும். பங்கஸ் ஆரம்பத்தில் சிலந்தி நூல் மாதிரி லென்ஸின் ஓரத்தில் தெரியும். அப்போதே பிரித்துத் துடைத்தால் தப்பிக்கும். விட்டால் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கைத் தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு நிற்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். ரொம்பக் காய்ந்தாலும் கிரீஸுக்கு நல்லதில்லை.

அடுத்தது பின்மூடியின் ஓரத்தில் இருக்கும் நுரைப்பட்டை. வருடக்கணக்கில் அது தார் மாதிரி ஒட்ட ஆரம்பித்து, வெளிச்சத்தை உள்ளே விடும். இது பெரிய வேலை இல்லை. பழையதைச் சுரண்டி எடுத்துப் புதுசு ஒட்டலாம். பேட்டரியைக் கழற்றிவைப்பதும், ஷட்டரை இழுத்த நிலையில் விட்டுவைக்காததும் காசு செலவில்லாத பழக்கங்கள். மாதம் ஒருமுறை பிலிம் இல்லாமல் எல்லா வேகத்திலும் தட்டிப் பார்ப்பேன், முக்கியமாக ஒரு விநாடி, அரை விநாடி. கிரீஸ் இறுகினால் மெதுவான வேகங்கள்தான் முதலில் இழுக்கும்.

இதையெல்லாம் செய்ய எஃப்எம்2 மாதிரி இயந்திரக் கேமராவில் ஓர் அர்த்தம் இருக்கிறது. பல்சக்கரமும் ஸ்பிரிங்கும் தெரிந்த ரிப்பேர்காரர் இன்னும் இருக்கிறார். உதிரிக்கு இன்னொரு செத்த பாடி போதும். ஆனால் உங்களிடம் இருப்பது ஒலிம்பஸ் மியூ II மாதிரி முழுக்க எலக்ட்ரானிக் சிறு கேமரா என்றால் என் யோசனை வேறு. அந்த வகைக்கு இப்போது நல்ல கிராக்கி. சர்க்யூட் போனால் அன்றோடு சரி, பேப்பர் வெயிட்தான். எடுக்காமல் வைத்திருப்பவர்கள், ஓடும்போதே விற்றுவிடுவது நல்லது.

லென்ஸ் விஷயத்தில் இன்னொரு லாபம். நிக்கானின் எஃப் மவுன்ட், அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம், 1959-இலிருந்து வருவது. என் பழைய 50 மி.மீ. என் டிஜிட்டல் பாடியிலும் பொருந்துகிறது, மீட்டரும் வேலை செய்கிறது. நிக்கானின் மலிவான டிஜிட்டல் பாடிகளில் லென்ஸ் பொருந்தினாலும் மீட்டர் ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கேமராவை விற்க முடிவெடுத்தாலும் லென்ஸைச் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். மறுபக்கம், அப்பர்ச்சர் வளையம் இல்லாத புது 'ஜி' வகை லென்ஸ்கள் எஃப்எம்2-இல் பிரயோஜனப்படாது.

விற்றால் என்ன கிடைக்கும்? ஒரு நடுத்தர ஃபோன் வாங்கலாம். விளம்பரங்களில் தவறாமல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984-இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படத்தைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். எஃப்எம்2-இல் எடுத்த படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருந்தது 105 மி.மீ. லென்ஸும் கோடாக்ரோம் பிலிமும். கோடாக்ரோமைக் கழுவ உலகத்தில் மிஞ்சியிருந்த கடைசி லேபும் 2010 டிசம்பரோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்தப் படத்துக்காக இதை வாங்கவேண்டியதில்லை, அந்தப் படத்துக்காக வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

நான் வைத்துக்கொண்டது வயசானவர்களை எடுப்பதற்காக. ஃபோனை நீட்டினால் பெரியம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தடுமாறுவார். இதைக் கண்ணில் வைத்தால் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார், அந்தக் கால ஸ்டுடியோவில் உட்கார்ந்த மாதிரி. வருடத்துக்கு ஒரு ரோல் இதற்குப் போதும். அப்படிப்பட்ட ஒரு வேலை உங்கள் கேமராவுக்கு உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் விற்றுவிடுங்கள், அடுத்த மழைக்காலத்துக்குள்.

விற்பவர்களுக்கு: ஒரு ரோல் ஓட்டி, அந்த நெகட்டிவையே சாட்சியாகக் காட்டுங்கள். ஷட்டர் பிளேடுகளை மூடியும் திறந்தும் போட்டோ போடுங்கள். நுரைப்பட்டை மாற்றியதா இல்லையா என்று சொல்லுங்கள். லென்ஸில் பங்கஸ் இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வாங்க வருகிறவர் எப்படியும் டார்ச்சோடுதான் வருவார்.